எழுத்துக்கூட்டித் திட்டிய நாட்கள்

சேலை மடிப்பில் ஊக்கு குத்த முடியவில்லை. அதுதான் தொடக்கம்.

விரல்கள் ஊக்கைப் பிடித்திருந்தன. கண்ணாடியில் அது தெரிந்தது. ஆனால் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை. நுனிவிரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கையை உதறிவிட்டு எப்படியோ குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். கம்பெனிப் பேருந்தின் முதல் படியில் கால் ஏறவில்லை. பின்னால் நின்ற பெண் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினாள்.

ஓசூரில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் நான் லைன் சூப்பர்வைசர். ஒரு வரிசைத் தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பேசிப் பழகியவள். வீட்டிலும் அதே குரல்தான். அன்று மாலை பக்கத்திலிருந்த கிளினிக்கில் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு புதுமனை விருந்தில் சாப்பிட்டு எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்துபோயிருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து போன பிறகு கைகால் மரத்து, பலம் குறைந்துகொண்டே வந்தால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்திருக்காதீர்கள்.

மறுநாள் காலை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை.

என் கணவர் திம்மராயன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை டிப்ளமோ என்றார்கள். தாலி ஏறிய பிறகுதான் ஐ.டி.ஐ. என்று தெரிந்தது. டிப்ளமோ என்று பொய் சொன்னது அவருடைய அம்மா. நான் பி.ஏ. தமிழ் படித்தவள். அவர் குறைவாகப் படித்திருந்தது எனக்குப் பெரிதில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்ததுதான் ஆறவில்லை. அவரும் என்னை ஆசைப்பட்டுக் கட்டியவர் அல்ல. மகள் சௌமியா பிறந்தாள், வளர்ந்தாள். அவர் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நிரந்தரமாக இரண்டாம் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். ஒரே வீட்டை இரண்டு ஷிப்டாக ஓட்டினோம். விடுமுறை நாட்களில் நான் திட்டுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மரம் என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தேன்.

எழுந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "வேலைக்குப் போவலியா?"

"காலு மரத்துப்போச்சு. செரியாயிடும். நீங்க போய்ப் படுங்க."

அவர் படுக்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, வண்டிச்சாவியால் என் உள்ளங்காலைக் கீறினார். "தெரியுதா?"

"இல்ல."

"தூக்கறன்" என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் தூக்கிவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான். அப்படியே இரண்டு மாடி இறங்கினார். நான், படியைப் பார்த்து இறங்கச் சொல்லி அதட்டிக்கொண்டே வந்தேன்.

ஓசூர் மருத்துவமனையில் மருத்துவர் ரப்பர் சுத்தியால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது பாருங்கள் என்றார். இருபதைத் தாண்டினேன். "ஜி.பி.எஸ். மாதிரி இருக்குது" என்று அவர் என் கணவரிடம் சொன்னார். (குல்லன் பாரே என்னும் நோய். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, தன் நரம்புகளின் உறையையே தாக்குவது. காலில் தொடங்கி மேலே ஏறும்.) "மூச்சு வரைக்கும் ஏறலாம். ஐ.சி.யூ. வசதியோட நியூராலஜி இருக்கற எடத்துக்கு இப்பவே கொண்டுபோங்க. போற வழியில இவங்கள எண்ணச் சொல்லிக்கிட்டே இருங்க. கொறஞ்சா ஆம்புலன்ஸ்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

பெங்களூருக்குப் போகும் சாலையில் அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு முன் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "எண்ணும்மா" என்றார் என் கணவர். எண்ணினேன். "திருப்பி எண்ணு." தமிழ்ப் பலகைகள் முடிந்து கன்னடப் பலகைகள் தொடங்கிய இடத்தில் நான் பத்தைத் தொடவில்லை. அவர் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைத் தட்டினார். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அன்று மாலைக்குள் என்னை வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்து பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை. (இரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள நீர்ப்பகுதியோடு நரம்பைத் தாக்கும் பொருட்களையும் நீக்கிவிட்டு, மாற்று நீர்மம் சேர்த்து உடலுக்குள் திருப்பிச் செலுத்துவது.) கைகள் போயின. முகத் தசைகளும் போயின. உதடு தொங்கியது. விழி அசைந்தது, நாக்கு அசைந்தது, காது கேட்டது. அறிவு முழுதாக விழித்திருந்தது. இந்த நோயை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அசையாமல் கிடப்பவருக்குப் புரியாது என்று எண்ணிவிடாதீர்கள். கட்டிலைச் சுற்றி நின்று நீங்கள் பேசுவதெல்லாம் கேட்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பொய் சொன்னார்கள். ஒன்றுமில்லை, இரண்டு நாளில் எழுந்துவிடுவாய் என்றார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சௌமியாவும் ஓடிவந்து, அதையே சொல்லி, வெளியே போய் அழுதாள்.

சில நாட்கள் கழித்து நரம்பியல் மருத்துவர் என் கால்மாட்டில் நின்று அவர்கள் இருவரிடமும் பேசினார். "வாய்வழியா ட்யூப் ரொம்ப நாள் இருக்கக் கூடாது. தொண்டையில ஒரு துளை போட்டு அது வழியா வைக்கணும். உங்க சம்மதம் வேணும்."

சௌமியா தலையசைத்தாள். என் கணவர், "அவளக் கேட்டுட்டு சொல்றன் சார்" என்றார்.

"அவங்களால பேச முடியாதே."

"காது கேக்குதில்லிங்களா?"

மருத்துவர் நகர்ந்து வழிவிட்டார். இவர் என் தலைப்பக்கம் வந்து நின்றார்.

"இந்தாம்மா, தொண்டையில ஓட்டை போடணும்ங்கறாரு. வாயில இருக்கற குழாயை எடுத்துருவாங்க. கொஞ்ச நாளைக்குக் குரல் வராது. அப்பறம் வரும்ங்கறாரு. வராமலே போயிருமான்னு கேட்டன். அது ரொம்ப அபூர்வம்னாரு. செரின்னா மேல பாரு. வேணாம்னா கீழ பாரு."

நான் கீழே பார்த்தேன். கழுத்தில் கத்தி வைப்பதை நினைக்கவே முடியவில்லை.

அவர் திரும்பி, "வேணாங்கறா சார்" என்றார். அவ்வளவுதான். சௌமியா, "அப்பா! இது கேக்கற விஷயமா?" என்று பதறினாள். "கழுத்து அவளுதும்மா" என்றார் அவர்.

மருத்துவர் மாலைவரை பொறுப்பதாகச் சொன்னார். அன்று பார்வையாளர் நேரம் முழுவதும் என் கணவர் பக்கத்தில் நின்று, தாம் கேட்டறிந்து வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாயில் குழாய் இருந்தால் சளி எப்படித் தேங்கும், நுரையீரலில் எப்படித் தொற்று வரும், துளை போட்டால் எத்தனை அகலம், பிற்பாடு அது எப்படி மூடிக்கொள்ளும். ஒரு பேச்சிலும் சர்க்கரை தடவவில்லை. மாலையில் மருத்துவர் வந்தபோது நான் மேலே பார்த்தேன்.

அந்த வாரங்களில் என்னைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், ஊசி குத்தினார்கள். நல்லவர்கள்தான், என் உயிரைக் காத்தவர்கள். ஆனால் என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்த மனிதருடன் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்து, அவருக்கு இப்படி ஒரு குணம் இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

குழாய் கழுத்துக்கு மாறியதும் வாய் காலியானது. உதடு இன்னும் அசையவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் ‘ச்சு’ என்று சத்தம் வந்தது. அவரைப் பார்த்து வாழ்நாளெல்லாம் நான் கொட்டிய அதே உச்சு. அதை வைத்துப் பேச அவர்தான் வழி சொன்னார். "ஒரு தடவ கொட்டுனா ஆமா. ரெண்டு தடவன்னா இல்ல. நான் எழுத்து சொல்லிக்கிட்டே வரன்."

முதலில் க, ங, ச என்று மெய்வரிசை. உச்சுக் கொட்டினால் அதில் நின்று கா, கி, கீ என்று உயிர்வரிசை. ங-வுக்கு அடுத்து ச-வா ஞ-வா என்று அவருக்கு எப்போதும் குழப்பம். நான் தமிழ் படித்தவள், உயிரோடு புதைந்து கிடந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது. முதல் வார்த்தை ‘மூக்கு’. அது முடிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் மூக்கைச் சொறிந்துவிட்டார். அந்தச் சுகத்தை இன்றும் மறக்கவில்லை.

ஒரு பிற்பகல் எனக்குக் குளிரும் என்று தாமாகவே நினைத்துக்கொண்டு கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டார். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. இந்த நோயில் மெல்லிய துணி பட்டாலும் தோல் காந்தும். உச்சுக் கொட்டினேன். அவர் எழுத்தை ஆரம்பித்தார். மு. ட். ட.

"முட்டை" என்றார் மலர்ந்து. "முட்டை கேக்கறியா? வாய்வழியா இன்னும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாங்களேம்மா."

இரண்டு உச்சு. மீண்டும் தொடங்கினார். டா. அடுத்து ய, ர, ல, வ, ழ, ள. ஒரு உச்சு.

"முட்டாள்" என்று சேர்த்துப் படித்தார். கொஞ்சம் யோசித்தார். "யாரு, டாக்டரா?"

இரண்டு உச்சு.

"நானா?"

ஒரு உச்சு.

அவர் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். செவிலி ஓடிவந்து, "ஏன் சார், ஏன் ஹேள்தாரே?" என்று கேட்டாள். அம்மா என்ன சொல்கிறார் என்று. அவருக்குத் தொழிற்சாலைக் கன்னடம் நன்றாக வரும். "நன்ன பைத்தித்தாரே சிஸ்டர்" என்றார். என்னைத் திட்டுகிறாள். நல்ல சேதி சொல்பவரைப்போல அதைச் சொன்னார். பிறகு காரணம் புரிந்து போர்வையையும் எடுத்துவிட்டார். அவர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. என் முகம் அசைந்திருந்தால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ.

மூச்சு மெல்ல என்னிடம் திரும்பி வந்தது. கருவியை எடுத்தார்கள், துளையை மூடினார்கள், குரல் வந்தது. தோளும் கழுத்தும் முதலில் வந்தன. ஆம்புலன்ஸில் அத்திப்பள்ளியைத் திரும்பக் கடந்து வீட்டுக்கு வந்தபோது நான் பாதி ஆளாக இருந்தேன். அவர் இரண்டாம் ஷிப்டை விட்டுவிட்டுப் பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டு, அது அமையும்வரை விடுப்பில் இருந்தார். சௌமியா மடிக்கணினியோடு வந்து எங்களுடன் தங்கி வேலை பார்த்தாள். பிசியோதெரபிஸ்ட் (தசைப்பயிற்சி தருபவர்) பர்வீன் தினமும் வந்தார்.

இங்கே ஒரு விஷயம். ஐ.சி.யூ.வைத் தாண்டிவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறோம். நீண்ட பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. நரம்பின் உறை திரும்ப வளர மாதங்கள் ஆகும். நேற்றுக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாது. அந்தச் சலிப்பு என்னைக் கொடூரமானவளாக்கியது.

ஒரு நாள் ராகிக் களியை உருட்டி அவர் என் வாயில் வைக்க வந்தார். சின்னக் குழந்தைக்கு ஊட்டுவதைப்போல அவர் வாயையும் சேர்த்துத் திறந்தார். ஆத்திரம் பொங்கி வந்தது. தட்டு பறந்து சுவரில் மோதியது. கீரைக் குழம்பு சட்டையெல்லாம் வழிய அவர் எழுந்து வாசலுக்கு ஓடினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். "பர்வீன் மேடம்! சீக்கிரம் மேல வாங்க! கையி தோளு வரைக்கும் வந்துச்சு!" என்று கீழே பார்த்துக் கூவும் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த பர்வீன் மூச்சிரைக்க மேலே வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தார். "உண்மைதான் அங்கிள்" என்றார். அதுவரை நானே கவனிக்கவில்லை, தட்டை அடித்தது என் கை என்பதை.

ஆனால் அவர் மரமில்லை. அதையும் எழுத வேண்டும்.

நிற்கப் பழகும் நாட்கள் அவை. காலில் பட்டையைக் கட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு, அவர் முன்னால் நின்று தூக்கி நிறுத்துவார். ஒரு நாள் காலையில் இரண்டு முறை சரிந்து விழுந்தேன். மூன்றாம் முறைக்கு அவர் குனிந்தபோது, "அப்படியே நிக்க வெச்சுருவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்குவீங்க. பொய்க்காரி வயித்துல பொறந்தவருதானே" என்றேன்.

அவர் பட்டையைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சௌமியாவிடம் மட்டும், "அத்தை வூட்டுக்குப் போறன்" என்றாராம். குருபரப்பள்ளியில் அவருடைய தங்கை இருக்கிறாள்.

அன்று பர்வீன் வந்தார். சௌமியாவால் என்னைத் தாங்க முடியவில்லை. பயிற்சி நடக்கவில்லை. மாலையிலும் அவர் வரவில்லை. திருமணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொல்லாமல் ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வராமல் போனால் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். அதற்கும் அடியில், அவர் வராமல் இருந்தால் அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

மறுநாள் காலை வந்தார். ஒரு பை நிறைய மாங்காய். தங்கை வீட்டு மரத்தில் பறித்தது. பையை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "மருந்து குடுத்தாளா?"

"குடுத்தா."

பையின் வாயைச் சுருட்டி மூடினார். "ஒண்ணு சொல்றன். நீ சொன்ன ஒவ்வொண்ணும் எனக்கு வலிச்சுது. இத்தன வருசமும் வலிச்சுது. எங்கம்மா செஞ்சது தப்பு. அத அவங்ககிட்டயே நான் கேட்டுட்டன். அவங்க போய்ச் சேந்துட்டாங்க. இனிமே அவங்களப் பேசாத. மத்தது என்ன வேணா பேசிக்க."

அவர் என்னிடம் தொடர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். அம்மாவிடம் அவர் கேட்டார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"பேசல" என்றேன். பிறகு, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "எம்மேல உங்களுக்குப் பிரியம் இல்லன்னு எனக்குத் தெரியும். அப்பறம் ஏன் இதெல்லாம் பண்றீங்க?"

என்னைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"இல்லதான்" என்றார். "இருந்துச்சுன்னு சொன்னா நீயே நம்ப மாட்ட. ஆனா அங்க ஐ.சி.யூ.ல உன்னப் பாத்தன். ஒரு விரலு அசையாம கெடந்துக்கிட்டு என்ன முட்டாள்னு சொல்றதுக்கு எம்மாம் நேரம் மெனக்கெட்ட! இவ பொழச்சுக்குவான்னு அன்னிக்குத்தான் நெனச்சன். அத முடிக்காம பாதியில வுட எனக்கு மனசு வரல." எழுந்து பட்டையை எடுத்தார். "எந்திரி. நேத்து பயிற்சி போச்சு."

அன்று நின்றேன். அவர் தோளில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, என் கால்களின் மேல், என் எடையோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முழங்கால் மடங்குகிறதா என்று குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நடக்கிறேன். வலது காலில் மட்டும் பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. ஆலையில் எனக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் பகல் வேலைக்கு மாறிவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது இரண்டு பேருக்குமே புதிது. யார் முதலில் குளிப்பது என்பதில்கூடத் தடுமாறுகிறோம். அவரிடம் இன்னும் கத்துகிறேன். அவருடைய அம்மாவைப் பேசுவதில்லை. எங்களுக்குள் பிரியம் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அவர்மேல் எனக்கு வந்திருப்பது மதிப்பு. என் வயதில் அது வருவதற்கு ஒரு நோய் வேண்டியிருந்தது. உங்களைக் கவனித்துக்கொள்பவர் நீங்கள் விரும்பிய மனிதராக இல்லாமல் இருக்கலாம். அவர் உங்களிடம் கேட்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். அது போதுமானதாக இருந்தது எனக்கு.

உள்ளங்கால்களில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. சூடும் குளிரும் தெரியாது. இதே நிலையில் இருப்பவர்கள் குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டே காலில் ஊற்றுங்கள். உடல் என்பது முன்பு எனக்கு ஒரே பொருளாக இருந்தது. இப்போது அது தனித்தனியாக வந்து சேர்ந்த பலருடைய கூட்டம்போல் இருக்கிறது. தோள் முன்பே வந்தது, விரல்கள் பிந்தி வந்தன, பாதங்கள் இன்னும் வழியில் இருக்கின்றன. நாட்காட்டி பார்த்து அவற்றை வரவழைக்க முடியாது.

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலையில், கைப்பிடியைப் பற்றி முதன்முதலாக மொட்டைமாடிக்கு ஏறினேன். ஓசூர்க் குளிர் தெரியுமல்லவா, தொட்டியில் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. பட்டையைக் கழற்றி வெறுங்காலோடு தளத்தில் நின்றேன். பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம், "தரை சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பாதங்களையும் அழுத்தி வைத்து, சரியாகச் சொல்ல வேண்டுமே என்பதுபோல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

"இருக்குது" என்றார். "ஈரங்கூட இருக்குது. பனி எறங்கியிருக்குது."

அவருடைய கால்விரல்கள் குளிரில் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பாதத்திலும் ஏதோ லேசாகத் தெரிந்ததுபோல் இருந்தது. நரம்பா, வெறும் நினைப்பா என்று சொல்லத் தெரியவில்லை. கண்டுபிடிக்க அவசரமும் இல்லை.